சொல்லி எழுதும் பிள்ளைகள்: தாராவியிலும் யாழ்ப்பாணத்திலும்

மும்பை தாராவியின் தமிழ்ப் பிள்ளையிடம் ஊர்க் கோயில் கொடைவிழாவைப் பற்றிக் கேட்டால் கதை கொட்டும். அதையே எழுதச் சொன்னால் மூன்று வரியில் நின்றுவிடும். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, கடைப்பலகையில் மராத்தி. தமிழ் எழுத்து கைக்குப் படிவதற்குள் ஆண்டு ஓடிவிடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்குப் பாட்டியோடு பேசும் தமிழ் உண்டு, எழுத்துதான் இல்லை. டேப்லட்டைப் பார்த்துப் பேசினால் சொற்கள் திரையில் வந்து விழுவது இவர்களுக்குப் பெரிய திறப்பு. தான் சொன்னதையே எழுத்தாகப் பார்த்து, விரல் வைத்துத் திரும்பப் படிக்கும்போது வாசிப்பும் கூடவே வருகிறது.

கூகுளின் குரல் தட்டச்சில் 2017 ஆகஸ்டில் தமிழ் சேர்ந்தது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டும் அதில் தனித்தனித் தெரிவுகள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அவற்றில் ஒன்று. 2015இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லட்டும் தந்தது. புத்தகச் சுமையைக் குறைக்கத்தான் அது வந்தது. எழுத்துக்குத் துணையாக யாரும் அதை நினைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் வேறு. முதலாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை தமிழிலேயே படிக்கும் பிள்ளைக்கு எழுத்து அந்நியமில்லை. பேச்சுக்கும் கட்டுரைத் தமிழுக்கும் உள்ள தூரம்தான் அங்கே பெரிது. 'போனனான்' என்று சொன்னதை 'போனேன்' ஆக்க வேண்டும். ஆகவே அங்கே பேசிப் பதிவது முதல் வரைவு மட்டுமே; ஆசிரியரின் வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது. தாராவியில் அந்தத் திருத்தத்துக்கு இப்போதே அவசரப்படக் கூடாது. 'போயிட்டு வந்தேன்' என்று வந்தால் வரட்டும், முதலில் பக்கம் நிறையட்டும்.

கருவி ஒவ்வொரு சொல்லையும் பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. அதனால் ஒற்றைச் சொல்லாக உதிர்க்காமல் முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்க வேண்டும். பிள்ளை 'வாளப்பளம்' என்றாலும் அது 'வாழைப்பழம்' என்று திருத்திக் கொடுத்துவிடக்கூடும். நல்லதுதான், ஆனால் பிழை மறைந்துவிடுவதால் ழகரம் படியாது. புள்ளியும் காற்புள்ளியும் பெரும்பாலும் நாமே போட வேண்டியவை. இன்னொரு தடை சத்தம். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய பத்துக்குப் பத்து அறையில், தையல் இயந்திரம் ஓடும்போது, மைக் தடுமாறும். அங்கே வகுப்பறையின் அமைதியான மூலை ஒன்று டேப்லட்டைவிட அரிது. இலங்கைக்கு வேறொரு பாடம் கிடைத்தது. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அதே மாதம் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. தாளும் திரையும் ஒன்றாகக் கைவிட்ட காலம் அது.

எழுத்தே கைவராத பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சொல்லி எழுதும் வசதி மிக அவசியம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வாசிப்பிலும் எழுத்திலும் இடறவைக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை'ப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தாராவிக்கு எட்டும் தூரத்தில் உள்ள சயான் மருத்துவமனையில் அதற்கான பரிசோதனை உண்டு. சான்று பெற்ற பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுத ஒருவரும் கிடைப்பார். இலங்கையின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இயலாமையைப் பொதுவாகவே வரையறுக்கிறது. அங்கே தேர்வுச் சலுகையைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் கேட்டு எழுதுவதை இரு நாடும் ஏற்கின்றன. மற்ற பிள்ளைகள் எல்லோரும் பொதுத்தேர்வைக் கையால்தான் எழுதுகிறார்கள். எனவே திரையில் சொல்லி முடித்ததை அன்றே நோட்டில் பார்த்து எழுத வைப்பதை இரண்டு ஊர் ஆசிரியர்களும் விடக் கூடாது.