நிறுவிய திறனும் விளைந்த மின்சாரமும்

ஒரு கொள்கை நூலின் நோக்கம் எத்துணைச் சிறந்ததாயினும், அது கையாளும் அளவுகோல் பிழைபடின் அதன் முடிவும் பிழைபடும். மலேசிய அரசு 2022 செப்டம்பரில் வெளியிட்ட தேசிய எரிசக்திக் கொள்கையும், 2023இல் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்ற வழித்திட்டமும் இவ்வகையில் ஆராயத்தக்கவை. நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு ஆகிய மரபு எரிபொருள்களுக்கும், ஞாயிறு, நீர், தாவரக் கழிவு முதலிய வற்றா மூலங்களுக்கும் இடையே நாடு எவ்வாறு சமநிலை காண்பது என்பதே இரண்டின் பொருள். 2050க்குள் மின் நிலையங்களின் நிறுவிய திறனில் 70 விழுக்காடு வற்றா மூலங்களைச் சார்ந்ததாக வேண்டும் என்கிறது பின்னது.

இவ்விலக்கிற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1979இல் முதல் தேசிய எரிசக்திக் கொள்கை தோன்றிற்று. எண்ணெய் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது என்று கண்டு, 1981இல் எண்ணெய், நீர், வாயு, நிலக்கரி என நான்கு எரிபொருள்களாகப் பங்கிட்டனர். எட்டாவது மலேசியத் திட்டத்தில் (2001–2005) வற்றா மூலங்கள் ஐந்தாவதாகச் சேர்ந்தன. 2005க்குள் 500 மெகாவாட் என்பது அன்றைய குறி. கைகூடியதோ 12 மெகாவாட். இலக்கை அறிவிப்பதற்கும் எய்துவதற்கும் இடையிலுள்ள தொலைவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இன்றைய கொள்கையை உரைத்துப் பார்க்கக் கோலா கெத்தில் தக்க உரைகல். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கூடுமிடத்து அமைந்த இவ்வூர், நெடுங்காலம் ரப்பர்த் தோட்டங்களால் அறியப்பட்டது. 2019 முதல் இங்கு எட்ரா நிறுவனத்தின் 50 மெகாவாட் சூரிய ஒளி மின்நிலையம் இயங்கி வருகிறது. குருணிலும் புக்கிட் செலம்பாவிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்துள்ளன. சூரியத் தகடு செய்யும் ஆலையொன்று 2008 முதல் கூலிமில் உள்ளது. தகடு வார்ப்பதும் மின்சாரம் விளைப்பதும் ஒரே மாநிலத்தில் நிகழ்வது கெடாவுக்குப் பெருமையே.

ஆயினும் 50 மெகாவாட் என்பது எதனைக் குறிக்கிறது? அது திறன், ஆற்றலன்று. திறன் என்பது ஒரு கணத்தில் தரக்கூடிய அளவு. ஆற்றல் என்பது காலத்தால் பெருகி விளைந்த அளவு. பள்ளிப் பௌதிகம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் கற்பிக்கிறது. செய்தித்தாள்களோ, ‘இத்தனை மெகாவாட் ஆற்றல்’ என்று கூசாமல் எழுதுகின்றன. இது மொழிப்பிழை மட்டுமன்று, கருத்துப் பிழையுமாம்.

கணக்கிட்டுக் காண்க. 50 மெகாவாட் திறன் இருபத்துநான்கு மணி நேரமும் முழுமையாக உழைத்தால் ஒரு நாளில் பன்னிரண்டு இலட்சம் அலகு மின்சாரம் கிடைக்கும். இரவும் மழையும் முகிலும் கழிய, இந்நாட்டுச் சூரிய நிலையம் தருவது அதில் ஐந்திலொன்று அல்லது ஆறிலொன்று. அதாவது இரண்டு முதல் இரண்டரை இலட்சம் அலகு. அதே திறனுள்ள நிலக்கரி நிலையம் எண்பது விழுக்காடு உழைப்பின் ஒன்பது இலட்சத்து அறுபதாயிரம் அலகு தரும். திறனில் இரண்டும் நிகர்; விளைவில் ஒன்றுக்கு நான்கு மடங்கு வேறுபாடு. ஆகவே திறனில் 70 விழுக்காடு என்பதை மின்சாரத்தில் 70 விழுக்காடு என்று கொள்ளுதல் பெரும் மயக்கம்.

இம்மயக்கத்தை அரசின் ஏடுகளே காட்டிக்கொடுக்கின்றன. 2021இல் வகுத்த வழித்திட்டம் 2035க்குள் நிறுவிய திறனில் 40 விழுக்காடு என்றது. 2022ஆம் ஆண்டுக் கொள்கையோ, வண்டிகளும் ஆலைகளும் உட்பட நாடு செலவிடும் முதன்மை ஆற்றல் அனைத்திலும் 2040இல் 17 விழுக்காடே வற்றா மூலங்களால் வரும் என்கிறது. இரண்டு எண்களும் தத்தம் அளவில் மெய்யே. ஆனால் மேடையில் முழங்குவது பெரிய எண். ஏட்டில் உறங்குவது சிறிய எண்.

எண்ணின் எல்லையும் மாறியது. 2018இல் 20 விழுக்காடு என்று அறிவித்தபோது 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் கணக்கில் வரவில்லை. 2025க்கு 31 விழுக்காடு என்று பின்னர் உயர்த்தியபோது அவையும் உள்ளே வந்தன. அவற்றுள் மிகப் பெரியது சரவாக்கின் 2,400 மெகாவாட் பாக்குன் அணை. சரவாக்கின் மின்வலையும் தீபகற்பத்தின் மின்வலையும் இணைக்கப்படவில்லை. பாக்குன் நீர் கோலா கெத்தில் வீடொன்றின் விளக்கை ஏற்றாது. அவ்விளக்கை இரவில் ஏற்றுவன பெரும்பாலும் வாயுவும், கடல்கடந்து வரும் நிலக்கரியுமே.

இவ்வாறு கூறுவது சூரிய ஒளியைப் பழிப்பதாகாது. நண்பகலில் ஆலைகளும் அலுவலகங்களும் குளிர்சாதனங்களை இயக்கும்போதே ஞாயிறும் உச்சியில் நிற்கிறது; அப்பொழுது விளையும் ஒவ்வோர் அலகும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. மாலை ஏழு மணிக்குமேல் என் செய்வது என்பதே வினா. சேமக்கலன், நீர்த்தேக்கம், வாயு நிலையம் ஆகிய மூன்றில் எது எவ்வளவு என்று மணிக்கணக்காக வகுத்துரைக்கும் கொள்கையே சமநிலைக் கொள்கை எனத் தகும்.

கெடாத் தோட்டங்களுக்கு இவ்வினாவில் தனிப் பங்குண்டு. ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடம் விறகை எரித்தே பால் தகட்டை உலர்த்திற்று. செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்துத் தம் மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. இவ்வெரிபொருள் இரவிலும் எரியும், மழையிலும் எரியும். 2005இல் கைகூடாதுபோன 500 மெகாவாட்டில் பெரும்பங்கு இதனையே நம்பியிருந்தது. சிதறிக் கிடக்கும் ஆலைகள், தொலைவிலுள்ள மின்கம்பி, நிலையற்ற கழிவு விலை, போதாத கொள்முதல் விலை ஆகியவை அதனை முடக்கின. இத்தடைகளை நீக்கும் வழி புதிய ஏடுகளில் சூரிய ஒளிக்குக் கிடைத்த அளவு இடம் பெறவில்லை.

நீதியும் நோக்கத்தக்கது. 2011 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, வற்றா மூல நிதிக்கு மின்கட்டணத்தில் ஒரு விழுக்காடு பெற்றனர். 2014இல் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 அலகுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்களித்தது நன்று. ஆனால் கூரையில் தகடு வேய்ந்து பயன்பெறுவோர் சொந்தக் கூரை உடையோர். தோட்டம் விட்டு மலிவுவிலை அடுக்ககத்தில் குடியேறிய தொழிலாளிக்குக் கூரை ஏது? அவனும் பங்குகொள்ளும் கூட்டு நிலையத்திற்குக் கொள்கையில் தெளிவான இடம் வேண்டும்.

அடுத்து வெளிவரும் திருத்தம் மூன்றைச் செய்தல் நலம். இலக்கைத் திறனாலன்றி ஆண்டு விளைந்த அலகுகளால் கூறுக. தீபகற்பம், சபா, சரவாக் ஆகிய மூன்று மின்வலைகளுக்கும் தனித்தனியே கணக்கிடுக. பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறாகப் பங்கு காட்டுக. அதுவரை, கோலா கெத்தில் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், திறன் வேறு ஆற்றல் வேறு என்பதை விளக்க வேறெங்கும் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. ஊரருகே விரிந்து கிடக்கும் தகட்டுப் பரப்பும், செம்பனை ஆலையின் புகைபோக்கியும் போதும்.