காற்றின் மேல் ஒரு கப்பல்

ஜெகதாப்பட்டினத்துக் கடல் பெரிதாக ஆர்ப்பரிக்காது. ஆழம் குறைவு, கரையோரம் முழுக்கச் சேறு. தண்ணீர் வற்றும் நேரத்தில் வள்ளம் தரைதட்டினால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இப்படிப்பட்ட பாக் விரிகுடாவுக்கென்றே செய்ததுபோல் ஓர் ஊர்தி தெற்கே மண்டபத்தில் இருக்கிறது, இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட். இங்கிலாந்தில் கட்டிய கிரிஃபான் 8000 வகை. சுமார் 21 மீட்டர் நீளம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்.

நான் மிகவும் ரசிப்பது அதன் பாவாடையை. ஆம், அதற்குப் பெயரே அதுதான். விசிறி கீழே தள்ளும் காற்று சட்டென்று வெளியேறாதபடி சுற்றிலும் தொங்கும் ரப்பர் துணி பிடித்து வைக்க, அந்தக் காற்று மெத்தையே மொத்த எடையையும் தூக்குகிறது. பின்புறக் காற்றாடிகள் முன்னே தள்ளுகின்றன. சுக்கான் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. அதனால் திரும்பும்போது ஊர்தி பக்கவாட்டில் வழுக்கும். அதை முன்கூட்டியே கணிப்பது ஓட்டுபவரின் கைத்திறன்.

இந்தக் காற்று மெத்தை யோசனையைச் சோதிக்க, 1955-ல் ஆங்கிலேயப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் ஒரு தகர டப்பாவுக்குள் இன்னொன்றை வைத்து, இடைவெளியில் காற்றை ஊதிப் பார்த்தார். 1959 ஜூலை 25-ல் அவர் கண்டுபிடித்த ஊர்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. இன்று அமெரிக்கக் கடற்படையின் எல்.சி.ஏ.சி. வகை ஹோவர்கிராஃப்ட் ஒரு கனரக டாங்கையே கரையேற்றுகிறது.

கரையேறியதும் விசிறி ஓயும். பாவாடை சுருங்கும். ஒட்டகம் கால் மடக்குவதுபோல் ஊர்தி மெல்ல மணலில் அமரும்.