முதுகுக் கோடுகளுக்கு அப்பால்

பட்டுப்புழுவின் உடலில் முட்டையிடும் ஊசி ஈக்கும் வீட்டு ஈக்கும் முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு. கோடுகளை மட்டும் நம்பினால் குழப்பம்தான்.

லென்ஸை எடுத்து ஊசி ஈயைப் பக்கவாட்டில் பாருங்கள். முதுகின் கடைசியில் முக்கோணத் தகடு. அதற்குக் கீழே உருண்டு திரண்ட ஒரு புடைப்பு. ஊசி ஈ சேர்ந்த டாக்கினிட் குடும்பத்தின் முத்திரை அதுவே. பின்கால் உடலோடு சேரும் இடத்துக்கு மேலே வரிசையாக முள்மயிர்கள்; வயிற்றிலும் விறைத்த மயிர்கள். வீட்டு ஈயிடம் அந்தப் புடைப்பும் இல்லை, முள்மயிர் வரிசையும் இல்லை. இறைச்சி ஈக்கு வரிசை உண்டு. ஆனால் முதுகில் கோடுகள் மூன்றே, புடைப்பும் அவ்வளவு திரளாது.

ஒரு சென்டிமீட்டர் உடலில் இத்தனை அடையாளங்கள்! புழு வளர்ப்பவர் ஒவ்வொருவரும் லென்ஸ் வைத்திருக்க வேண்டும். எதிரியை அறிந்தவரே ஈ புகாத வலையை நேரத்தில் கட்டுவார்.