சிறுதேரும் சிற்றிலும்

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். மீனாட்சியை ஊசலில் அமர்த்திய அதே குமரகுருபரர்தான் முத்துக்குமாரசாமியின் கையில் தேரைக் கொடுத்தார். ஊசல் எவ்வளவு வேகமாக ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். தேர் தெருவுக்குப் போகும்.

சிற்றில் ஆண்பால் பட்டியலில் இருக்கிறதே, பையனும் மணல்வீடு கட்டுகிறானா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்பாள். இல்லை. கட்டுவது சிறுமியர். அவன் வருவான், காலால் எற்றுவான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சலுக்குப் பெயர்தான் சிற்றில் பருவம். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தை முழுக்க அந்தச் சிறுமியரின் குரலில் பாடியிருக்கிறார். முதுகு வலிக்க நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்த வேலை அது என்று அவர் கணக்குச் சொல்கிறார். பக்தியாகவே படித்துப் பழகிய நமக்கு அந்த முதுகுவலி கண்ணில் படுவதில்லை.

இந்தப் பிரிவினையைப் பொம்மை ரயிலில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். குழந்தைகளின் பொம்மையைச் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்காரர்கள் அறையை ஒதுக்கி, மேசை அடித்து, தண்டவாளம் பதித்து, ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி ஓட்டும் மாதிரி ரயிலைச் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெரிய பொழுதுபோக்கு. நம் நாட்டில் சிறிய கூட்டம். புனேயில் ஜோஷி குடும்பத்தின் சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. சென்னையில் கப்பலில் போய் வந்தவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டு மாடிகளில் சில பெட்டிகள் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. அந்த நிலையத்தின் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரயில் பித்து வராமல் இருந்தால்தான் வியப்பு.

இந்தப் பொம்மையின் வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தொடங்கிய மேர்க்லின் நிறுவனம் முதலில் செய்தது ரயில் அல்ல. பொம்மை வீட்டுச் சமையலறைக்கான தகரச் சாமான்கள். நம் ஊர்ச் சொப்புச் சாமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரத் தொழிலாளியான மேர்க்லின் செய்தார். மனைவி கரோலின் ஊர் ஊராகப் போய் விற்றார். 1866இல் கணவர் இறந்த பின்பும், பல இடர்களுக்கு நடுவே, மகன்கள் 1888இல் பொறுப்பேற்கும்வரை தொழிலை அழியாமல் காத்தவர் அவர். 1891இல் லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம் சாவி கொடுத்து ஓடும் ரயிலை, எட்டு வடிவத் தண்டவாளத்துடனும் நிலையான அளவுகளுடனும் கொண்டுவந்தது. இன்று ஒரு சுற்று வாங்கினால் அடுத்த ஆண்டு ஒரு பாலம், அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பொம்மை வீட்டுக்கு வருடந்தோறும் ஒரு பானை, ஒரு நாற்காலி என்று சேர்க்கும் அதே முறைதான். சிறுமியின் சிற்றிலிலிருந்து கற்ற வணிகம் பையனின் சிறுதேருக்கு இடம் மாறியது.

பிறகு அந்தத் தேர் முழுக்கப் பையன்களுக்கானதாயிற்று. எவ்வளவு முழுக்க என்றால், அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957இல் சிறுமியருக்கென்று தனியாக ஒரு ரயில் விட்டபோது அதற்கு இளஞ்சிவப்பு இன்ஜின், இளநீலமும் ஊதாவும் மஞ்சளுமாகப் பெட்டிகள் என்று சாயம் அடித்தது. விற்கவில்லை. கடைக்காரர்கள் கறுப்புப் பூசி விற்றதாகச் சேகரிப்பாளர்களிடையே ஒரு கதை உலவுகிறது. ரயில் கேட்ட பெண்ணுக்கு ரயிலைக் கொடுக்காமல் அதன் மேல் ஒரு பாவாடையைச் சுற்றிக் கொடுத்தார்கள். இன்று அதே இளஞ்சிவப்பு இன்ஜினை ஆண்கள் பெரும் விலை கொடுத்துச் சேகரிக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

இந்த மேசைகளில் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் ரயில் சிறு பகுதிதான் என்பது தெரியும். மீதியெல்லாம் வீடு, மரம், கிணறு, கொடியில் காயும் துணி, வாசலில் விளக்கு. கம்பியை முறுக்கிக் கிளையாக்கி, பஞ்சைப் பச்சைச் சாயத்தில் நனைத்து இலையாக்கி, மரத்தூளைப் பசையில் தூவிப் புல்லாக்கி, மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை. இது சிற்றில் இழைத்தல் அன்றி வேறென்ன? சிறுமி செய்தால் விளையாட்டு, பெண் செய்தால் கோலம் அல்லது கைவேலை, ஆண் செய்தால் பொறியியல் சார்ந்த பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற சொல்லைத்தான் முதலில் கேட்க வேண்டும்: யாருடைய பொழுது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. அந்த வித்தியாசத்தில் ஒரு நாளைக்கு ஒரு மரம் செய்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த மேசை திருவொற்றியூரில் என் பெரியப்பா மகனின் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஹார்ன்பி ரயில். பழைய முறையில் அது ஓடுவது எளிய தத்துவம்: தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை மின்சாரம் விடுவார்கள். கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு, முனை மாற்றினால் பின்னோட்டம். சங்கடம் என்னவென்றால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். புதிய எண்ணியல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். கட்டளை அந்த மின்னோட்டத்திலேயே கலந்து போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகம் அளவுள்ள ஒரு சில்லு. அதற்கு ஒரு முகவரி எண் உண்டு. கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் 3. தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டும் அது அசையும்.

பழைய இன்ஜினை இதற்கு மாற்றுவதுதான் மேம்படுத்தல். மோட்டாரின் இரண்டு முனைகளும் இன்ஜினின் உலோக உடலைத் தொடாதபடி முதலில் பிரிக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் தண்டவாள மின்சாரத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. எங்காவது ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தால் சில்லு புகைந்துபோகும். அண்ணன் இரண்டு சில்லுகளைப் புகைத்த பிறகு அண்ணி பற்றவைப்புக் கோலை வாங்கிக்கொண்டார். திருமணத்துக்கு முன் ஒரு மின்னணு ஆலையில், பெருக்காடிக்குக் கீழே போர்டு போர்டாக ஈயம் வைத்தவர் அவர். ஆறு இன்ஜின்களையும் அவர்தான் மாற்றினார். "போர்டுல கை பழகினவளுக்கு இது இன்னாம்மா பெரிய வேலை?" என்றார் என்னிடம். மாடிக்கு வரும் நண்பர்களிடம் அண்ணன், "மொத்தத்தையும் டிஜிட்டலா மாத்திட்டேன்" என்கிறார். பொய் சொல்வதாக அவருக்கே தோன்றுவதில்லை. தமிழ் வினைமுற்றில் ஒளிந்திருக்கும் அந்த 'ஏன்' விகுதி எத்தனை பெண்களின் வேலையைத் தின்று கொழுத்தது என்று ஓர் இலக்கணக் கட்டுரை எழுதலாம்.

அண்ணியின் விரல்களைப் போன்ற விரல்களைத்தான் உலகப் பொம்மைத் தொழில் தேடிப் போனது. மாதிரி ரயில் செய்யும் பாக்மன் நிறுவனத்தை ஹாங்காங்கின் காடெர் குழுமம் 1987இல் வாங்கியது. அதே குழுமம் பங்குதாரராக இருந்த தாய்லாந்து ஆலையில் 1993 மே 10 அன்று தீப்பிடித்தது. அங்கே செய்தது ரயில் அல்ல. பஞ்சு பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும். 188 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளிவாசல்கள் பூட்டிக் கிடந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பொழுதுபோக்கு இதழ்களின் பளபளக்கும் பக்கங்களில் இன்ஜினின் ஒவ்வொரு ஆணிக்கும் விளக்கம் இருக்கும். ஆணியை வைத்த கைக்கு ஒரு வரி இருக்காது.

இனி நம் ஊர் ரயிலுக்கு வருவோம். பரவலாகப் புழங்கும் மாதிரி அளவு 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பிய அகலத்தைச் சுருக்கியது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல் வரும். ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் ரயிலை ஓட்டினால் அது காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். அண்ணனுக்கு இது பெருங்கவலை. எனக்குள்ள கவலை வேறு. பெட்டியில் விற்கும் மனிதர்களைப் பாருங்கள். தொப்பியணிந்த நிலைய அதிகாரி, கொடி பிடித்த காவலர், மண்வெட்டியோடு தொழிலாளி எல்லோரும் ஆண்கள். பெண்கள் பெட்டிகளை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், குழந்தையின் கையைப் பிடித்திருப்பார்கள். இன்ஜினுக்குள் உட்காரும் உருவம் ஆணே. சுரேகா யாதவ் 1980களின் இறுதியிலேயே ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநரானார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்ஜினில் கழிப்பறை இல்லை என்று இன்றுவரை முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெண் உட்காருவாள் என்ற எண்ணமே இல்லாமல் வரைந்த இன்ஜின் அது. பொம்மை அதை உண்மையாகவே நகலெடுத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி வழியில் காலை ரயில் ஏறியவர்களுக்குத் தெரியும், இந்தப் பாதையில் யார் போகிறார்கள் என்று. காசிமேட்டிலிருந்து கூடையோடு ஏறும் மீன்காரம்மாக்கள், எண்ணூரில் கரி படிந்த கொடித்துணியை உதறும் பெண்கள், கொருக்குப்பேட்டைப் பாதையோரம் அடுப்பு மூட்டுகிறவர்கள். எந்தப் பெட்டியிலும் இவர்கள் விற்பனைக்கு இல்லை. அண்ணி எம்-சீலைப் பிசைந்து, தையல் நூலைச் சுற்றி, கூடை தூக்கிய ஒருத்தியைச் செய்து நடைமேடையில் ஒட்டினார். ஐந்தடிப் பெண் இந்த அளவில் பதினேழரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அவள் இருபதுக்கு மேல். அளவு தப்பு என்று அண்ணனுக்கு உறுத்தல். பிய்த்தெடுக்க மட்டும் அவருக்குத் துணிவில்லை.

பட்டினப்பாலையில் இதற்கு நெருங்கிய ஒரு காட்சி உண்டு. அதுவும் துறைமுக நகரம்தான். முற்றத்தில் பெண்கள் தானியம் காய வைத்திருக்கிறார்கள். கொத்த வரும் கோழிமேல் காதின் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது விழுந்து, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரின் செல்வச் செழிப்பைக் காட்டும் இடம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் யார், விளையாடிக்கொண்டிருப்பவர்கள் யார், வழியில் கிடப்பது யாருடையது என்பதும் அதே வரிகளில்தான் இருக்கிறது.

இப்படியெல்லாம் எழுதுவதால் இந்த விளையாட்டையே ஆண்களின் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. சில தோழியர் அப்படித் தள்ளுகிறார்கள். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனாரின் பாட்டு ஒன்று (61) தச்சன் செய்த சிறுவண்டியைச் சொல்கிறது. அதில் ஏறிப் போக முடியாது என்றாலும் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைப் போல நாங்களும் மகிழ்ந்தோம் என்கிறது. சொல்பவள் தோழி. தேர் உடைய தலைவன் ஏறிப் போகிறான். கிடைக்காத பயணத்துக்குப் பதிலாகக் கிடைத்த சிறு இன்பத்தைப் பற்றிப் பேச அவளுக்குப் பொம்மை வண்டிதான் கைகொடுக்கிறது. பெண்ணின் ஏமாற்றத்தை மென்மையாக மூடும் உவமை என்று படிக்கலாம். நான் அப்படி மட்டும் படிப்பதில்லை. இழுக்கும் கைக்கும் ஓர் இன்பம் உண்டு என்பதை அவள் அறிந்தே சொல்கிறாள்.

இரவு பத்தரைக்கு மேல், பாத்திரம் கழுவி, மறுநாள் மாவைக் கரைத்து வைத்துவிட்டு அண்ணி மாடிக்குப் போவதுண்டு. அந்த நேரத்தில் அண்ணன் தூங்கியிருப்பார். விரைவு வண்டிகளை அவர் தொடுவதில்லை. சரக்கு ரயில்தான். தண்டையார்பேட்டை யார்டு பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஏன் அண்ணி கூட்ஸ் என்று கேட்டேன்.

"அது எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம்மா. ஏன் நிக்கிறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.