‘அந்தக் காலத்துப் பாட்டு’: யாருடைய காலம்?

போன வைகாசியில் ஏற்காட்டு மலையில் ஒரு மலையாளிக் கிராமத்துக் கல்யாணத்துக்கு நானும் நண்பர் ஒருவரும் போயிருந்தோம். மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்று தம் கதையைச் சொல்லிக்கொள்ளும் பழங்குடி மக்கள். பந்தலோரம் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, அதில் அனிருத். நண்பர் முகம் சுளித்தார். “மலை மேலயும் வந்துடுச்சு பாருங்க இந்தக் குப்பை. இவங்ககிட்ட எவ்வளவு பாட்டு இருந்திருக்கும்!” நல்ல வாசகர், இடதுசாரி, உழைப்பவர் பக்கம் நிற்பதில் யாருக்கும் இளைத்தவரல்ல. மலை இறங்கும்போது காரில் அவர் போட்டது ‘வாராய் நீ வாராய்’. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பழைய பாட்டுத்தான். “இது பாட்டு” என்றார்.

இதை அவருடைய தனிப்பட்ட ரசனை என்று விட்டுவிடலாம். ஆனால் நம்மைப் போன்றவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இதே வாக்கியம் விவாதமில்லாமல் புழங்குகிறது. ‘இன்றைய வெகுசன இசை சீரழிந்துவிட்டது’ என்பதை நிரூபிக்க வேண்டிய கருத்தாக யாரும் நினைப்பதில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்கிறோம்.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’. எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கம், கருணாநிதி வசனம், ஜி. ராமநாதன் இசை. பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. பாட்டு எங்கே வருகிறது? கணவன் தன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், பிடித்துத் தள்ளிக் கொல்வதற்கு. அவனைச் சுற்றி வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லி, பின்னாலிருந்து அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். அந்த மலை இந்த மலைதான் என்று ஏற்காட்டுப் பக்கம் சொல்வார்கள். காதல் கீதம் என்று எழுபது வருசமாக நாம் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கொலைகாரன் விரிக்கும் வலை. வானொலியும் இசைத்தட்டும் பாட்டைப் படத்திலிருந்து பிய்த்தெடுத்துவிட்டன, கொலை கழன்று விழுந்துவிட்டது, இனிமை மட்டும் தங்கிவிட்டது. ‘பழைய பாட்டுல கருத்து இருக்கும்’ என்கிறவர்கள் எந்தக் கருத்தைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. பாட்டு நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை. அபாரமான பாட்டு. அது நல்ல பாட்டாக இருப்பதற்கும் 1950-ல் வந்ததற்கும் நாம் போடும் முடிச்சைத்தான் கேட்கிறேன். அதே வருசங்களில் வந்து எவர் நினைவிலும் நிற்காமல் போன பாட்டுகளை யார் கணக்கில் வைத்தார்கள்? காலம் சலித்துக் கொடுத்ததையும் நேற்று வெளிவந்த மொத்தக் குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடுகிறோம்.

அந்தப் பாட்டு பிறந்த இடம் மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். இப்போது வளைவு மட்டும் நிற்கிறது. 1935-ல் அதைத் தொடங்கிய சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஆலை நடத்துவதுபோலவே ஸ்டுடியோவை நடத்தினார்: மாதச் சம்பளம், மணிக்கணக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தமிழ் மட்டுமல்ல, மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) கூட இவர்கள் எடுத்ததுதான். 1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதன் மெட்டுகளில் சில 1954-ல் வந்த இந்தி அலிபாபாவிலிருந்து அப்படியே வந்தவை. இன்றைய இசையமைப்பாளர் மீது ‘காப்பி’ என்று வழக்குப் போடும் நண்பர்களுக்கு இந்தப் பாட்டுகள் பொற்காலம்.

அடோர்னோ ‘பண்பாட்டுத் தொழில்’ என்றதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்? அவர் வெகுசன இசை பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1941-ல். ஒரே அச்சில் வார்த்தது, புதுமை போலக் காட்டுவது, கேட்பவனின் காதை மழுக்குவது என்று அவர் அடுக்கிய குற்றங்களெல்லாம் நாம் பொற்காலம் என்கிற காலத்தின் மீது சுமத்தியவை. அதே குற்றச்சாட்டை அனிருத் மீது சுமத்தும்போது அடோர்னோவையே துணைக்கு அழைக்கிறோம். ரேமண்ட் வில்லியம்ஸ் ‘கிராமமும் நகரமும்’ (1973) நூலில் இந்த விளையாட்டை எஸ்கலேட்டர் என்றார். ‘அந்தக் காலம்’ எது என்று தேடிப் போனால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைக் கைகாட்டும், படி நகர்ந்துகொண்டே இருக்கும்.

நம்மூரிலும் படி நகர்ந்ததுதான். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் இந்தி சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஒதுக்கப்பட்டது. சனங்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவித் பாரதி வந்ததே அதனால்தான். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர் ‘பட்டிக்காட்டுப் பாட்டு’ என்று ரேடியோவை நிறுத்தினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது ‘இது கம்ப்யூட்டர் சத்தம், இளையராஜாவோடு இசை முடிந்தது’ என்று ஒரு கூட்டத்தில் முழங்கியவன் நானேதான். ஞாபகப்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை.

‘அப்படியானால் எதுவும் மாறவில்லை என்கிறாயா?’ என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. 1955-லிருந்து 2010 வரையிலான மேற்கத்திய வெகுசனப் பாட்டுகளைக் கணினியில் போட்டு ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, சத்தம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது, நாதவண்ணங்களின் வகை குறைந்திருக்கிறது என்கிறது. நம் பாட்டுகளிலும் சத்தத்துக்குக் குறைவில்லை. பந்தலில் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஆனால் அந்தக் கணினி அளக்காத கேள்வி ஒன்று இருக்கிறது: யார் பாட அனுமதிக்கப்பட்டார்கள்? சென்னையில் கானா பாடியவர்களின் குரல், சாவு வீட்டு வாசலைத் தாண்டி 2018-ல் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடைக்கு வர எத்தனை வருசம் ஆயிற்று! 2021-ல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்துவந்த பாட்டு. அது புகழடைந்த பின், ஒரு ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். பாட்டு பழசா புதுசா என்பதை விட அந்த அட்டையில் யார் முகம் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘தரம்’ என்கிற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியின் பக்கத்தில்கூடப் போக முடியாது.

காபித் தோட்டத்து மலையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாணத்தில் நண்பர் ஒரு வயதான அம்மாவிடம் போய், “பழம் எடுக்கும்போது பாடுவீங்களே, அந்தப் பாட்டெல்லாம் மறந்துட்டீங்களாம்மா?” என்று கேட்டார். அவர் சிரித்தார். “பாடுனோமுங்க. குளுருல கை வெறைச்சுப் போவும், பாடுனாத்தான் கை நவுரும். இப்ப எம்பேத்தி சேலத்துல படிக்குது. அது எதுக்குங்க அந்தப் பாட்டைப் பாடோணும்?” நண்பர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் சேகரிக்க வந்தது பாட்டை.

ஆனாலும் நண்பர் முழுக்கத் தப்பு என்று எழுதி முடித்துவிட எனக்கு மனமில்லை. மேளக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தாலி கட்டும்போது ஐந்து நிமிசம் அடித்தார்கள், அதற்கு மட்டும் பெட்டி நின்றது. மீதி நேரம் பந்தலுக்கு வெளியே பலா மரத்தடியில் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பு மூன்று நாள் கல்யாணம், மூன்று நாளும் சாப்பாடு, கூலி. இப்போது ஒரு வேளை. இந்த இழப்பு உண்மையானது. இது ரசனையில் நேர்ந்த வீழ்ச்சி அல்ல, வேலை பறிபோனது. ரசனை பற்றிப் பேசிப்பேசியே இதைப் பேசாமல் இருந்துவிட்டோம்.

பெரியவரிடம் போய், “இந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குதுங்களா?” என்று கேட்டேன், நான் எதிர்பார்த்த பதில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான். “அடி நல்லாத்தான் இருக்குது” என்றார். விரலால் மேளத்தின் மேல் அந்த அடியைத் தட்டிக் காட்டினார், சரியாக இருந்தது. பிறகு எழுந்து சவுண்டு சர்வீஸ் பையனிடம் போய், ஒரு மைக்கை மேளத்துக்கு வைக்க முடியுமா, பெட்டியோடு சேர்ந்து அடிக்கிறேன் என்று கேட்டார். இருப்பது ஒரே மைக், அது வரவேற்பில் பேசுகிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டான் பையன்.