வசை எழுதிய நூலும் வாய் பேசாத கல்லும்

பாழடைந்த மாளிகையொன்றைக் காணச் செல்வோர் தனியே செல்வதில்லை; முன்னர்ப் படித்த நூலொன்றையும் நெஞ்சிற் சுமந்தே செல்கின்றனர். நூல் வழிகாட்டும் என்பது மெய்யே. ஆயினும், கண் காணவேண்டியதை நூலே முன்னின்று கண்டு கூறிவிடுமாயின், மலையேறிய களைப்பன்றி வேறு பயன் யாது? இதனை ஆராய்தற்கு மேலைநாட்டுத் தீவொன்றும், ஈழத்துக் குன்றொன்றும், சப்பிரகமுவாத் தோட்டங்களில் வாழும் நமக்கு மிக அணித்தாயுள்ள ஆற்றங்கரை மேடொன்றும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இத்தாலி நாட்டின் நேப்பிள்சு விரிகுடா வாயிலில் காப்ரி என்னும் சிறு தீவு உளது. அதன் கிழக்கு முனையில், கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 330 மீற்றர் உயர்ந்த பாறை முகட்டிலே, உரோமப் பேரரசன் திபேரியசு வாழ்ந்த மாளிகை இடிந்து கிடக்கின்றது. யூப்பிடர் தேவன் பெயரால் அதனை ‘வில்லா யோவிசு’ என வழங்குவர். கி.பி. 27ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்த பேரரசன், 37ஆம் ஆண்டில் இறக்கும்வரை இதனையே தன் இருப்பிடமாகக் கொண்டான். தலைநகருள் மீண்டும் அடியெடுத்து வைத்திலன். உலகின் பெரும்பகுதியை ஆண்ட ஒருவன் ஊரைத் துறந்து பாறையுச்சியில் ஒதுங்கினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சுவெத்தோனியசு என்னும் வரலாற்றாசிரியர் அவ்வாய்மொழிகளையெல்லாம் திரட்டித் தந்தார். பேரரசன் தீராக் காமுகன், கொடுங்கோலன், தன் சினத்துக்கு ஆளானோரைச் செங்குத்துப் பாறையினின்று கடலில் தள்ளுவித்தவன். இன்றும் வழிகாட்டிகள் அப்பாறையைச் சுட்டிக் காட்டுகின்றனர். வந்தோர் எட்டிப் பார்த்து நடுங்கித் திரும்புகின்றனர்.

இங்கே ஒரு நுண்மையைக் கவனித்தல் வேண்டும். சுவெத்தோனியசு தாமே தம் நூலில், அக்கொலைக்களம் காப்ரியில் இன்னும் காட்டப்படுகின்றது என்று எழுதியுள்ளார். அவரோ திபேரியசு இறந்து 30 ஆண்டு கழிந்தபின் பிறந்தவர். நூலெழுதியது அதற்கும் பின்னர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில். ஆகவே அவர் காலத்திலேயே அத்தீவில் இடங்காட்டுவோர் இருந்தனர். இன்றைய வழிகாட்டி நூலைச் சான்று காட்டுகின்றான். நூலோ அன்றைய வழிகாட்டியைச் சான்று காட்டுகின்றது. பாறை மட்டும் ஒன்றும் கூறாது நிற்கின்றது.

தாசித்தசு இவரினும் பன்மடங்கு பெரிய எழுத்தாளர்; ஆதலின் இவரினும் பன்மடங்கு அஞ்சத்தக்கவர். அவர் பேரவை உறுப்பினர். தொமிசியன் என்னும் பேரரசன் ஆட்சியிலே பேரவையினர் பட்ட கொடுமைகளை நேரிற் கண்டவர். அப்புண் ஆறாத நெஞ்சோடு பழைய பேரரசன் ஒருவனை எழுதப் புகுந்தார். எனினும் பெரியோர் பெரியோரே. தம் கருத்துக்கு மாறான செய்தியையும் அவர் மறைத்தாரல்லர். கி.பி. 33இல் உரோமாபுரியில் கடன் நெருக்கடி மூண்டு செல்வர் பலர் நிலமிழந்து நின்றபோது, காப்ரியிலிருந்த அப்பேரரசனே 10 கோடி செசுதெர்சு நாணயத்தை 3 ஆண்டுத் தவணையில் வட்டியின்றிக் கடனாக வழங்குவித்தான் என்பதை அவர் நூலே தருகின்றது. பகைவன் வாயினின்று வரும் நற்சான்றுக்கு எடை மிகுதி. காமத்தில் மூழ்கிக் கடமையைக் கைவிட்டவன் செய்யும் செயலா இது?

இனிக் கற்களை நோக்குவாம். 1932 முதல் 1935 வரை அமேதியோ மயூரி என்னும் தொல்லியலறிஞர் இம்மாளிகையை அகழ்ந்து துலக்கினார். பளிங்குத் தளங்களை 18ஆம் நூற்றாண்டினர் முன்னரே பெயர்த்துச் சென்றுவிட்டனர். எஞ்சியவற்றுள் நம்மை வியப்பிலாழ்த்துவன மாளிகையின் நடுவயிற்றில் அமைந்த பெரு நீர்த்தொட்டிகளே. அம்முகட்டில் ஊற்றில்லை. வானம் பெய்யும் மழையே நீர். ஆதலின் முதலில் தொட்டிகளை அமைத்து, அவற்றைச் சூழ்ந்து நாற்புறமும் கட்டடங்களை எழுப்பினர்: தெற்கே நீராடுமிடம், மேற்கே அடுக்களையும் ஏவலர் அறைகளும், கிழக்கே அரைவட்ட மண்டபம், வடக்கே கடல் நோக்கிய அரசனின் உறைவிடம். மழைநீரை ஒரு துளியும் சிந்தாது காத்த இக்கட்டடக் கலைஞனின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. கல் சுமந்தோர் பெயரைக் கேட்பாருமில்லை. தாசித்தசுக்கும் சுவெத்தோனியசுக்கும் அது பொருட்டன்று.

இப்பேரரசன் நமக்கு முற்றும் அயலானும் அல்லன். தமிழகத்தின் கரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் கிடைத்த உரோம நாணயங்களுள் திபேரியசின் தலை பொறித்தவை பல. மகளிர் அணியும் மணிகளுக்காக உரோமச் செல்வம் பிறநாடு செல்கின்றதே என அவன் கி.பி. 22இல் பேரவைக்கு எழுதிய மடலில் வருந்தினான். இரத்தினபுரியின் மாணாக்கர் இதனைப் படிக்குங்கால் முறுவலித்தல் கூடும்.

காப்ரியை விட்டு நம் நாட்டுக்கு வருவோமாயின், முதலில் நினைவுக்கு வருவது சீகிரியா. காசியப்பன் தன் தந்தை தாதுசேனனைக் கொல்வித்து அரசேறி, தம்பி முகலனுக்கு அஞ்சி இக்குன்றின் மேல் அரண்மனை எழுப்பி, 477 முதல் 495 வரை ஆண்டான் என்பது சூளவம்சம் கூறும் கதை. அதனை எழுதியோர் பல நூற்றாண்டு பிந்தியவர். அந்நூலே அவன் விகாரை புதுக்கியதையும் தோட்டங்கள் அமைத்ததையும் கூறுகின்றது. குன்றின் உச்சியில் பாறையைக் குடைந்து அமைத்த தடாகமும், அடிவாரத்தில் மழைக்காலத்தே இன்றும் நீர் பாய்ச்சும் ஊற்றுக் குழிகளும் காப்ரித் தொட்டிகளுக்கு உடன்பிறப்பெனலாம்.

ஆனால் சீகிரியாவின் தனிச்சிறப்பு அங்குச் சென்றுவந்தோரிடத்தே உளது. கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகிட்ட மதிலின்மேல், பெரும்பாலும் 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளிற் சென்றோர் தம் கைப்படப் பாடல்கள் கீறிவைத்தனர். செனரத் பரணவிதான அவற்றுள் 685ஐப் படித்து 1956இல் பதிப்பித்தார். எழுதியோருள் துறவியர் உளர், படைவீரர் உளர், பெண்டிரும் உளர். அவர்தம் பாடல்களிற் பெரும்பாலன பாறையோவிய மகளிரின் அழகையும், அவர் பேசாமையால் வந்த ஏக்கத்தையும் பாடுவன. தந்தையைக் கொன்றவன் கதை அவர்கள் கண்ணை மறைத்திலது. காப்ரிக்குச் சென்றோர் சுவெத்தோனியசின் கண்ணாற் கண்டனர். சீகிரியாவுக்குச் சென்றோர் தம் கண்ணாற் கண்டனர். இரண்டனுள் எவர் நற்றிறனாய்வாளர் என்பதைக் கூறவும் வேண்டுமோ!

இனி நம் வாயிலுக்கு வருவோம். யட்டியாந்தோட்டையிலிருந்தோ இரத்தினபுரியிலிருந்தோ கொழும்புக்குப் பேருந்தேறுவோர் அவிசாவளையைக் கடந்தே செல்வர். சப்பிரகமுவாவின் எல்லையிலே சீதாவாக்கை ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரே 16ஆம் நூற்றாண்டின் சீதாவாக்கை அரசுக்குத் தலைநகர். ஆற்றின்மேல் உயர்ந்த மேட்டில் பெரண்டி கோவில் என்னும் பாழ்க்கோவிலின் கருங்கல் அடித்தளம் உளது. வைரவ ஆண்டி என்பதன் திரிபே பெரண்டி என்பர். முதலாம் இராசசிங்கன் வைரவருக்கு எடுத்த இக்கோவில் முற்றுப் பெறாமலே நின்றுவிட்டதென்பது மரபு.

இராசசிங்கனைப் பற்றிச் சூளவம்சம் கூறுவது திபேரியசு கதைக்கும் காசியப்பன் கதைக்கும் இளையதன்று. அவன் தந்தை மாயாதுன்னையைக் கொன்றான், அப்பழி தீரும் வழி பிக்குகளை வினவினான், தீராதென அவர் கூறவே சினந்து சைவத் துறவியரை அடைந்தான், பிக்குகளை வதைத்தான், சிவனொளிபாதமலையின் வருவாயைச் சைவருக்கு ஈந்தான் என்பது அதன் கூற்று. இப்பகுதி எழுதப்பட்டது கீர்த்தி சிறி இராசசிங்கன் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டிலே. அதாவது முதலாம் இராசசிங்கன் 1593இல் மாண்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலும் கழிந்தபின். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்துச் சங்கத்தைப் புதுக்கிய காலம் அது. சங்கம் முன்னர் ஏன் நலிந்தது என்பதற்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தான். அதனை எழுதுவித்த அரசன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவன் என்பது வரலாற்றின் குறும்பு. தந்தைக் கொலையை இக்கால ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். இவனுக்கும் பகைவர் வாய்ச் சான்று உண்டு: 1587, 1588ஆம் ஆண்டுகளில் இவன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்ட திறத்தைப் போர்த்துக்கேய எழுத்தாளரே விரித்தெழுதினர்.

இவ்விடத்து நம்மவர்க்கும் ஒரு சொல் கூறல் வேண்டும். கசப்பினும் கூறல் வேண்டும். இராசசிங்கனைச் சைவக் காவலன் எனக் கொண்டாடுவோர் நம்முள் உளர். தந்தைக் கொலை பொய் என்பர். பிக்குகளை வதைத்தது பகைவர் கட்டு என்பர். சைவம் தழுவியது மட்டும் முழு உண்மை என்பர். மூன்றும் ஒரே நூலின் ஒரே பகுதியில் உள்ளன. வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளுதற்கு அவர் காட்டும் அளவுகோல் யாது? சூளவம்சத்தை அப்படியே நம்புவோரும் அதனைத் தலைகீழாக நம்புவோரும் நூலை விட்டுக் கல்லிடம் சென்றாரல்லர். அடித்தளத்து வேலைப்பாட்டில் தென்னிந்தியச் சிற்பியின் கை எவ்வளவு, உள்ளூர்ச் சிற்பியின் கை எவ்வளவு? ஆற்றங்கரை மேட்டைத் தேர்ந்தது அரண் கருதியா, நீர் கருதியா? இவ்வினாக்களை இவ்விரு சாராரிடத்தும் யாம் கேட்டதில்லை.

இது பண்டைக்கதை மட்டுமன்று. நம் தோட்டங்களிலும் முகட்டில் துரை பங்களாவும் சரிவில் லயங்களும் உள்ளன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் பங்களாக்கள் சிலவற்றில் கூரை சரிந்துவிட்டது; லயங்கள் சிலவற்றில் அத்திவாரமே எஞ்சியது. துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் நூலகங்களில் உள. அவற்றிலே கூலிகள் என ஒரு சொல்லால் நம் பாட்டனும் பாட்டியும் அடங்கிவிடுவர். அவர்கள் கட்டிய மதகையும், வெட்டிய கானையும், மாரியம்மனுக்கு நட்ட கல்லையும் எந்தக் குறிப்பும் பேசவில்லை. நாளை அங்கு வரும் ஒருவன் அக்குறிப்புகளை மட்டும் கையிற் கொண்டு வருவானாயின், காப்ரியின் பாறையை எட்டிப் பார்ப்பவனைப் போலவே நம் மலைகளையும் பார்த்துத் திரும்புவான்.

நம் பாடசாலைச் சுற்றுலாக்கள் ஆண்டுதோறும் சீகிரியாவுக்குச் செல்கின்றன; அவற்றுட் பல அவிசாவளையில் தேநீர் அருந்தவும் நிற்கின்றன. கோவில் மேடு அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவே. அளவுநாடாவொன்றும் வரைதாளொன்றும் கொண்டு செல்லும் மாணாக்கர் பதின்மர் ஒரு முற்பகலில் அவ்வடித்தளம் முழுவதையும் அளந்து வரைந்துவிடலாம்.