கிராம் குறையும் கேம்களும் சாரல் நனைக்கும் பாறையும்

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். பாறை ஏறுபவர்களுக்கு மட்டும் கடையடைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள்தாம் அதிகம். வெயிலில் காய்ந்து கிடந்தால் கைக்கும் காலுக்கும் நன்றாகப் பிடி கொடுப்பவை. அருவியை ஒட்டிய பாறையின் கதை வேறு. தண்ணீரும் பாசியும் போதாதென்று, தடை இருந்தும் குளிப்பவர்கள் தேய்த்துக்கொண்டு வரும் எண்ணெயும் சேர்ந்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த கேமைச் செருகினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காரணம் கருவியின் கணக்கிலேயே இருக்கிறது. கேம் என்பது பாறை வெடிப்புக்குள் செருகும் பாதுகாப்புக் கருவி. ஓர் அச்சில் ஸ்பிரிங்கோடு கோத்த வளைந்த அலுமினியத் துண்டுகள் நான்கு. ஏறுபவர்கள் இவற்றை லோப் என்பார்கள். விசையை இழுத்தால் அவை சுருங்கும், விட்டால் விரிந்து வெடிப்பின் இரு சுவர்களையும் தொடும். ஏறுபவர் தவறி விழுந்தால் கீழ்நோக்கிய இழுப்பு அப்படியே பக்கவாட்டு அழுத்தமாக மாறும். எவ்வளவு விரிந்தாலும் சுவரைத் தொடும் கோணம் மாறாதபடி லோப்புக்கு ஒரு சுருள் வளைவு கொடுத்திருப்பார்கள். பரவலாகப் புழங்கும் கோணம் 13.75 பாகை. அந்தக் கோணத்தில் 80 கிலோ ஆள் தொங்கினால் ஒவ்வொரு சுவர்மீதும் சுமார் 160 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும். கேம் நழுவாமல் நிற்க உராய்வுக் கெழு 0.245-ஆவது வேண்டும். காய்ந்த கருங்கல்லில் அலுமினியத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. பாசி படிந்த ஈரப் பாறையில் அந்த உத்தரவாதம் இல்லை. எந்தப் புது மாடல் வந்தாலும் இந்தக் கணக்கை மீற முடியாது.

இந்த வடிவத்தைக் கடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க விண்வெளிப் பொறியாளர் ரே ஜார்டின். 1970-களில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மற்றவர் கண்ணில் படாமல் சோதித்து, 1977-இல் அங்கே ‘பீனிக்ஸ்’ என்ற கடினமான வெடிப்பை ஏறிக் காட்டினார். மறு ஆண்டு, இங்கிலாந்தில் மார்க் வாலன்ஸ் தொடங்கிய வைல்ட் கன்ட்ரி நிறுவனம் அதை ‘ஃப்ரெண்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. சுத்தியலால் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி பாறையையும் புண்ணாக்கிக்கொண்டிருந்த காலம் மெல்ல விடைபெற அதுவும் கைகொடுத்தது.

ஃப்ரெண்ட் வருவதற்கு முந்தைய நிலையை இமயமலையில் வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1976-இல் பீட்டர் போர்ட்மேனும் ஜோ டாஸ்கரும் கர்வால் இமயத்தின் சங்காபாங் சிகரத்தை மேற்குச் சுவர் வழியாக ஏறினார்கள். கடைகளில் ஃப்ரெண்ட் கிடைக்காத காலம் அது. அந்தக் கருங்கல் சுவரின் வெடிப்புகளில் ஆணியையும், வெடிப்பில் செருகும் ‘நட்’ என்ற உலோக ஆப்பையும் நம்பித்தான் இருவரும் தொங்கினார்கள்.

ஜார்டின் காலத்து ஃப்ரெண்டின் தண்டு வளையாத கெட்டி உலோகம். கிடைமட்ட வெடிப்பில் வைத்து விழுந்தால் தண்டு விளிம்பில் மாட்டி வளையும், சில நேரம் முறியும். அதனால் எஃகுக் கம்பிவடத் தண்டு வந்தது. 1987-இல் வந்த கேமலாட், ஓர் அச்சுக்குப் பதில் இரண்டு அச்சுகளை வைத்து, ஒரே கருவி பல அளவு வெடிப்புகளுக்குப் பொருந்தும்படி செய்தது. கூடுதல் அச்சு என்றால் கூடுதல் எடை. அந்த எடையை எங்கிருந்து பிடுங்குவது என்பதுதான் அதன்பின் வந்த எல்லா வடிவமைப்பாளர்களுக்கும் தலைவலி.

2016 இந்தப் போட்டியில் முக்கியமான ஆண்டு. வைல்ட் கன்ட்ரி தன் ஃப்ரெண்டை இரட்டை அச்சோடு மறுவடிவம் செய்து, அச்சுகளை உள்ளே குடைந்து எடையை இழைத்தது. அதே ஆண்டில் பிளாக் டைமண்ட் கொண்டுவந்த கேமலாட் அல்ட்ராலைட், வழக்கமான சி4 வகையைவிட 25 சதவீதம் எடை குறைவு என்ற அறிவிப்போடு வந்தது. லோப்களில் சதையைச் செதுக்கியது பாதி வேலை. மீதி வேலை தண்டில் நடந்தது: எஃகு வடத்தை எடுத்துவிட்டு டைனீமா என்ற செயற்கை இழையை வைத்தார்கள்.

விவகாரமே இந்த இடத்தில்தான். எஃகு வடம் பழுதானால் கண்ணுக்குத் தெரியும்: கம்பி பிரியும், துரு பிடிக்கும், மடிப்பு விழும். அதில் மாட்டிய ஸ்லிங் என்ற துணிப் பட்டை நைந்தால் ஸ்லிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு கருவியைப் பல ஆண்டுகள் ஓட்டலாம். டைனீமா தண்டோ பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை, தண்டை வீட்டில் மாற்றவும் முடியாது. அந்த இழை சுமார் 145 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நெய்த இழைக்குப் பெட்டியில் வைத்திருந்தாலும் வயது ஏறும். பத்தாண்டுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது. ஆக, குறைந்த கிராமுக்கான விலையைக் கடையில் ஒரு முறையும் ஆயுளில் ஒரு முறையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டிய இடமும் உண்டு. 2008-இல் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டர்க் மூவரும் கங்கோத்ரி பகுதியின் மேரு சிகரத்து ‘ஷார்க்ஸ் ஃபின்’ சுவரில் ஏறினார்கள். புயல் சுவரிலேயே முடக்கிப்போட, ஒரு வாரத்துக்கென்று எடுத்துப்போன உணவை ஏறத்தாழ மூன்று மடங்கு நாட்களுக்கு இழுத்தார்கள். உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது திரும்ப வேண்டியதாயிற்று. 2011-இல் மறுபடி போய் முடித்தார்கள். அப்படிப்பட்ட சுவரில் கருவியில் மிச்சப்படும் சில நூறு கிராம் என்பது அடுப்புக்கு எரிவாயு, ஒரு வேளைச் சாப்பாடு. அங்கே அல்ட்ராலைட் ஆடம்பரம் இல்லை.

லோப்பின் உலோகத்திலும் இதே இழுபறிதான். ஏலியன் என்ற சிறு கேம்கள் மென்மையான அலுமினியக் கலவையால் புகழ்பெற்றவை. பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் உலோகமே இறங்கிக் கடிக்கும், பிடி அபாரம். கூடவே தேய்மானமும் அபாரம். பெரிய விழுகை ஒன்றைத் தாங்கினால் லோப்பின் விளிம்பு நசுங்கிப் போகும். 2006-இல் பற்றவைப்புக் கோளாறு காரணமாக இதே ஏலியன்களில் ஒரு பகுதியைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற வேண்டியும் வந்தது. இன்னொரு கோடியில் ஒமேகா பசிபிக்கின் லிங்க் கேம்: லோப்பையே மூன்று கண்ணிகளாக மடித்து, ஒரே கருவியில் மூன்று கருவிகளின் வீச்சைக் கொடுத்தது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கனம், பக்கவாட்டில் முறுக்கு விசை பட்டபோது கண்ணிகள் உடைந்த சம்பவங்களும் உண்டு. கெட்டிக்காரத்தனம் அளவு மீறிய வடிவம் அது.

எடையைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் வேறு வழியில் யோசித்தது ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வரும் டோட்டம். இரு பக்க லோப் இணைகளும் தனித்தனியே சுமை ஏற்கும். வாய் அகன்ற ஒழுங்கற்ற வெடிப்பில் மற்றவை தடுமாறும் இடத்திலும் உட்காரும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்தவற்றில் உண்மையான புதுமை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றவை பெரும்பாலும் செதுக்கல் வேலை.

இனி நம் ஊர்க் கணக்கு. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஏறுபோட்டிக்கு இந்தக் கருவியே தேவையில்லை. அது செயற்கைச் சுவர். கேமுக்கு வேலை இயற்கை வெடிப்பில். தமிழ்நாட்டு ஏறுபவர்கள் தேடிப் போகும் கர்நாடகத்தின் ராமநகரம், சாவன்துர்கா போன்ற கருங்கல் குன்றுகள் சாலையிலிருந்து தொலைவில் இல்லை. அங்கே 300 கிராம் மிச்சம் பிடித்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்முடைய எதிரிகள் ஈரமும் மணலும் கடலோர உப்புக்காற்றும். மணல் அச்சில் புகுந்தால் லோப் இறுகும், உப்பு ஸ்பிரிங்கைத் தின்னும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அச்சில் மெழுகு வகை மசகு இட்டால் எஃகு வடக் கேம் நீண்ட நாள் உழைக்கும்.

ஆகவே சேர்ந்து பணம் போட்டு முதல் தொகுப்பு வாங்கும் குழுக்கள் எஃகுத் தண்டு, இரட்டை அச்சு வகையையே எடுக்கட்டும். இழைத் தண்டு கேமுக்கு இமயப் பயணம் முடிவாகும்போது செலவழிக்கலாம். யாராவது பழைய கேமைக் கைமாற்றாகக் கொடுத்தால், விலை பேசும் முன் ஸ்லிங்கில் அச்சிட்ட தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். அந்த எழுத்து அழிந்துபோயிருந்தால் வாங்காதீர்கள்.